நெய்தலில் தேனிலவு

தொல்காப்பிய அகத்திணையியலில் ஒற்றை வரிச் சூத்திரம் ஒன்று உண்டு. கடல் வழியாகப் போகும் பயணத்தில் பெண்ணைக் கூட்டிப் போகிற வழக்கம் இல்லை என்பது அதன் நேர்ப்பொருள். உரைகாரர்கள் இதை வேறு விதமாகவும் வளைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சங்கப் பாட்டுகளோடு வைத்துப் படித்தால் நேர்ப்பொருளே போதும் என்றுதான் எனக்குப் படுகிறது. பாலை கடந்து போகிறவனோடு பெண் போகிறாள். அதற்கு உடன்போக்கு என்று பெயரே இருக்கிறது. கலம் ஏறிப் போகிறவனோடு அவள் போவதில்லை. கரையில் நிற்கிறாள்.

இந்தச் சூத்திரத்தை மறுபடி எடுத்துப் பார்க்க வைத்தது ஒரு விளம்பரம். புதுமணத் தம்பதிகளுக்கான கப்பல் பயணம். பால்கனி வைத்த அறை, மெத்தையில் பூ இதழ், மாலையில் நடனம், காலையில் ஒரு தீவு. இது இப்போது எங்கோ கரீபியனில் நடக்கிற சங்கதி இல்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். நடுக்கடல்வரை போய்த் திரும்பும் பயணம் ஒன்று. விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று சுற்றி வருவது இன்னொன்று. கப்பலில் இருந்த சூதாட்டக் கூடத்தைச் சொல்லிப் புதுச்சேரியில் எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைத் தொட்டுவிட்டு வந்தது. மேற்குக் கரையில் கோவா, கொச்சி, லட்சத்தீவு. போய் வந்தவர்கள் எழுதுகிறார்கள், படம் எடுத்துப் போடுகிறார்கள். தமிழில் ஒரு புது வகைப் பயண எழுத்தே இதைச் சுற்றி உருவாகிவருகிறது. அந்த எழுத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதில் கப்பல் இருக்கிறது, கடல் இருக்கிறது, கரை மட்டும் இல்லை என்பது என் குறை.

*

தேனிலவு என்ற சொல்லையே முதலில் பார்ப்போம். ஆங்கிலத்திலிருந்து அப்படியே பெயர்த்து எடுத்த சொல். பெயர்த்தவர்கள் திணையை நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் சொல் சரியான நிலத்தில் போய் விழுந்திருக்கிறது. தேன் குறிஞ்சியின் பொருள். குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். தமிழ்நாட்டில் புதுமணத் தம்பதிகள் இரண்டு மூன்று தலைமுறையாகப் போனதும் மலைக்குத்தான்: ஊட்டி, கொடைக்கானல், வசதி இருந்தால் காஷ்மீர். மலைவாசஸ்தலத்தை வெள்ளைக்காரன் தன் வெயிலுக்குப் பயந்து கட்டினான். நாம் அதைக் குறிஞ்சியாக வாசித்துக்கொண்டோம். 1961இல் ஸ்ரீதர் எடுத்த 'தேன் நிலவு' படமும் காஷ்மீருக்குத்தான் போயிற்று. அதிலும் தண்ணீர் வரும். ஆனால் அது ஏரித் தண்ணீர், நாலு பக்கமும் மலை காவல் நிற்கும்.

கடல் அப்படி இல்லை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இதற்காக நெய்தலில் காதலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. புன்னை மர நிழலிலும் தாழை வேலிக்குப் பின்னாலும் பகலில் சந்தித்துக்கொள்கிற காதலர்கள் பாட்டுகளில் நிறைய உண்டு. ஆனால் அந்தச் சந்திப்புகள் அத்தனையும் கரையில் நடக்கின்றன. கலம் வந்தால் அது பிரிவுக்குத்தான் வருகிறது.

காப்பியங்களிலும் இதே கதைதான். கண்ணகி, கோவலன் இரண்டு பேருமே கடல் வணிகக் குடும்பம். கண்ணகியின் தகப்பன் பேரே மாநாய்கன். இருந்தும் அவர்களுடைய புதுமண நாட்கள் புகாரின் மாடத்தில், தென்றல் வரும் சாளரத்தருகே, நிலா முற்றத்தில் கழிகின்றன. வீட்டுக் கப்பல் ஒன்றில் ஏறி ஒரு தீவைப் பார்த்து வருவோம் என்று கோவலனுக்குத் தோன்றவே இல்லை. பின்னால் பிழைப்புத் தேடிப் போகும்போதும் மதுரைக்கு நடந்துதான் போகிறார்கள். காப்பியத்தில் ஓர் ஆணும் பெண்ணும் இன்பத்துக்கென்று கடலோரம் போய் உட்காருவது கானல்வரியில், கோவலனும் மாதவியும். யாழை மாற்றி மாற்றி வாங்கிப் பாடுகிறார்கள். எழுந்து போகும்போது ஒருத்தர் மட்டும் போகிறார். இளங்கோ அந்தப் பிரிவை எந்த நிலத்திலும் வைத்திருக்கலாம். நெய்தலில் வைத்தார்.

மணிமேகலையில் இது இன்னும் வெளிப்படை. சாதுவன் கலமேறிப் போகிறான், கலம் உடைகிறது, ஆதிரை அவன் செத்தானென்று நம்பித் தீயில் இறங்குகிறாள், தீ சுடவில்லை. கதையின் நாயகியும் கடல் கடக்கிறாள், ஆனால் கப்பலில் அல்ல. மணிபல்லவத் தீவுக்குத் தெய்வம் வான்வழியே தூக்கிப் போகிறது. சாவக நாட்டிலிருந்து அதே தீவுக்கு அவளும் அரசனும் வரும்போது அரசன் கலத்தில் வருகிறான், அவள் ஆகாயத்தில் வருகிறாள். பெண்ணைக் கடல் கடத்த வேண்டுமென்றால் சாத்தனாருக்குக்கூட வானத்தைத் திறக்க வேண்டியிருந்தது.

*

இந்த மரபைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்க நான் வரவில்லை. அந்தச் சூத்திரத்துக்கு உள்ளே இருந்து வாழ்ந்தவர்களை எங்க ஊர்ப்பக்கம் எல்லாருக்கும் தெரியும்.

குலசேகரன்பட்டினம் ஒரு காலத்தில் துறைமுகம். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கொழும்போடு தொடர்பு உள்ள ஊர்கள்தான். பக்கத்து மணப்பாட்டில் கடல் வணிகம் கட்டிய பெரிய வீடுகளை இன்றைக்கும் பார்க்கலாம். காயல்பட்டினத்தில் கல்யாணமான பெண் தாய்வீட்டுத் தெருவைவிட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வந்து போகிறார். கடல் கடந்து வியாபாரம் செய்கிற ஆண்களுக்கு அது தோதான ஏற்பாடும்கூட. குலசையிலேயே சர்க்கரை ஆலை ஓடியது. அதற்காகப் போட்ட குட்டி ரயில் திருச்செந்தூரிலிருந்து திசையன்விளைவரை போய் வந்தது. 1940இல் அதுவும் நின்றது. துறைமுகம் தூத்துக்குடியோடு போட்டி போட முடியாமல் தேய்ந்து, கடைசியில் உப்பளமும் பனையும் கோயிலும் மிஞ்சின.

எங்க ஆச்சி சொல்லுவா: "கப்பல்காரனுக்கு வாக்கப்பட்டவளுக்குக் காலண்டர்தாம்ல புருஷன்." சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவா. கேட்கிறவங்களும் சிரிப்பாங்க. எத்தனையோ நெய்தல் பாட்டுகளுக்கு உரை படித்தும் எனக்கு விளங்காத ஒன்று அந்தச் சிரிப்பில் விளங்கியது. இரங்கல் என்றால் அழுகை இல்லை. நாளை எண்ணுவது.

இந்தக் கரையை நவீன இலக்கியத்தில் சரியாக எழுதியவர் வண்ணநிலவன். 1977இல் வந்த 'கடல்புரத்தில்' மணப்பாட்டுக் கதை. பிலோமியும் சாமிதாசும் காதலிக்கிறார்கள். அவனுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆகிறது. வள்ளத்துக்கும் லாஞ்சுக்கும் சண்டை. வள்ளத்தை விற்க மனசில்லாத குரூஸ் மிக்கேல். விற்கச் சொல்லும் மகன். கடலுக்குள் போகிறவர்களின் சாகசத்தை வண்ணநிலவன் பெரிதாக எழுதவில்லை. வீட்டு முற்றத்தில் நின்று கடலைப் பார்க்கிறவர்களை எழுதினார். பிலோமியின் காதலில் வருகிற பெருந்தன்மை கரையில் நின்று பழகியவளின் பெருந்தன்மை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இதற்கு நேர் எதிர் முனை. தமிழின் மிகச் சிறந்த கடல் பயணம் அதில் இருக்கிறது; தொங்கானில் இருப்பது அத்தனையும் ஆண்கள். தொல்காப்பியர் படித்திருந்தால் தலையசைத்திருப்பார்.

*

அப்படியானால் தமிழ்ப் பெண் கப்பல் ஏறவே இல்லையா? ஏறினாள். ஆயிரக்கணக்கில் ஏறினாள். பாரதி பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பாடினார். புதுமைப்பித்தன் 1930களில் 'துன்பக் கேணி' எழுதினார். திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டி மருதி, புருஷன் ஜெயிலுக்குப் போன பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அவள் கடல் கடந்தது கங்காணியின் கணக்கில். 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜூலா கப்பலில் குடும்பம் குடும்பமாக மேல்தளத்தில் பாய் விரித்துப் போனார்கள். சூத்திரம் எப்போதோ உடைந்துவிட்டது. உடைத்தது காதல் இல்லை, கூலி.

அதனால்தான் இன்றைக்குக் கப்பல் ஏறுகிற புதுப்பெண்ணைக் கேலி செய்ய என்னால் முடியாது. அடுக்களை வேலை இல்லாமல், மாமியார் பார்வை இல்லாமல், தன் விருப்பத்தின் பேரில், தன் காசும் சேர்த்து, துணையோடு ஒரு பெண் கடல் கடக்கிறாள். மருதியை வைத்துப் பார்த்தால் இது லேசான காரியமா? கப்பலேறி வந்தவர்கள் எழுதியதில் எனக்குப் பிடித்த இடங்களும் உண்டு. ராத்திரி பால்கனியில் நின்றால் கடலில் வெளிச்சமே இல்லை, பயமாக இருந்தது, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன் என்று ஒரு பெண் எழுதியதை வாசித்தேன். அந்த இடம் நிஜம். அடுத்த வரியில் அவர் சாப்பாட்டு வகைகளை எண்ணப் போய்விட்டார் என்பதுதான் வருத்தம்.

*

தமிழ் சினிமாவில் இந்தக் கப்பலை முழுப் படமாக எடுத்துப் பார்த்தது 'மன்மதன் அம்பு' (2010). கமல்ஹாசன் எழுத்து, கே.எஸ். ரவிகுமார் இயக்கம். மத்தியதரைக் கடலில் மிதக்கும் சொகுசுக் கப்பல், பார்சிலோனா, ரோம், வெனிஸ். வந்தபோது அதை நகைச்சுவைப் படமாகப் பார்த்துவிட்டு மறந்தோம். திணைக் கண்ணோடு பார்த்தால் அது நாம் நினைத்ததைவிடப் பெரிய படம்.

நடிகை நிஷா கப்பலில் போகிறாள். அவளை மணக்கப்போகிற மதன் கரையில் இருக்கிறான். இடம் மாறிவிட்டது: பெண் கலத்தில், ஆண் கரையில். ஆனால் அவனுக்கு இரங்கத் தெரியவில்லை. காத்திருப்பு அவனிடம் சந்தேகமாகத் திரிகிறது. அவளை வேவு பார்க்க மேஜர் மன்னாரை அனுப்புகிறான். இரண்டாயிரம் வருஷமாகப் பெண்கள் நம்பிக்கையோடு செய்த வேலையை ஓர் ஆணிடம் கொடுத்தால் முதல் நாளே துப்பறிவாளன் வைக்கிறான் என்பதுதான் அந்தப் படத்தின் நிஜமான நகைச்சுவை.

மன்னார் இந்த வேலைக்கு ஏன் வந்தான்? நண்பன் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், பணம் வேண்டும். நிஷா தப்பு எதுவும் செய்யவில்லை என்று உண்மையைச் சொன்னால் மதன் காசு தர மறுக்கிறான். எனவே மன்னார் பொய் சொல்ல வேண்டியதாகிறது. கப்பலில் ஒரு கொண்டாட்டக் காட்சி, உடனே ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஒரு தொலைபேசி. மேல்தளத்து இன்பத்துக்கு எங்கோ ஒரு கட்டிலில் ஒருத்தர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதைப் படம் மறக்க விடுவதில்லை. மன்னாரின் மனைவி விபத்தில் செத்ததும் மலைப் பாதையில்தான். அவர்கள் காதலைப் பின்னோக்கி ஓடவிட்டுக் காட்டும் பாட்டு ஒன்று வரும். சாவிலிருந்து முதல் சந்திப்புக்கு நடந்து போகிற தேனிலவு அது. குறிஞ்சியில் சாவு, நெய்தலில் சேர்க்கை என்று திணையைத் தலைகீழாக்கியும், கரையை விடாமல் வைத்துக்கொண்டது அந்தப் படத்தின் பலம். பலவீனம் கடைசி அரைமணி நேரம். ஆள்மாறாட்டக் கூத்தில் எல்லாரும் ஜோடி சேர்ந்துவிடுகிறார்கள். காத்திருந்தவர்கள் கணக்கு காசாகத் தீர்ந்துவிடுகிறது. கப்பலில் வேலை பார்க்கிற ஒரு முகமும் நம் நினைவில் தங்குவதில்லை.

*

கப்பலில் வேலை பார்க்கிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதைச் சொல்லியாக வேண்டும். உலகம் முழுக்க ஓடும் இந்த உல்லாசக் கப்பல்களில் அறை துடைப்பவர்கள், சமைப்பவர்கள், பரிமாறுகிறவர்களில் பெரும்பகுதி பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளின் ஆட்கள். கோவாக்காரர்கள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களிலும் கப்பல் வேலைக்குப் போன பையன் இல்லாத தெரு குறைவு. பல மாத ஒப்பந்தம்; கல்யாணமாகிச் சில வாரத்தில் ஏறிப் போகிறவர்களும் உண்டு. புதுத் தம்பதிகளின் கட்டிலில் வெள்ளைத் துண்டை முறுக்கி இரண்டு அன்னம் செய்து முகத்தோடு முகம் வைத்து நிறுத்துகிறான் ஒரு பையன். அவனுடைய புதுப்பெண் ஏதோ ஒரு கடற்கரை ஊரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அன்னத்தைத் தூது விடுவது நம் மரபு. இந்த அன்னம் யாரிடமிருந்து யாருக்கு வந்த தூது?

திணைகள் மயங்கலாம், நிலங்கள் மயங்குவதில்லை என்று தொல்காப்பியர் ஓரிடத்தில் ஒரு வேறுபாடு வைக்கிறார். உணர்வு இடம் மாறி வரலாம். ஆனால் ஒரு நிலம் இன்னொரு நிலமாக ஆகிவிடாது. இந்தக் கப்பலை விளக்க இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. மேல்தளத்தில் குறிஞ்சி நடக்கிறது, நடக்கட்டும். கப்பல் மிதப்பது நெய்தலில். கீழ்த்தளத்தில் இரங்கல் அப்படியேதான் இருக்கிறது. சூத்திரம் ஒழியவில்லை, ஆள் மாறியிருக்கிறது.

கப்பல் தொடுகிற துறைகளுக்கும் இதையே சொல்லலாம். காங்கேசன்துறையில் இறங்கினால் கோயில், கோட்டை, கடற்கரை என்று சில மணி நேரம் சுற்றிக் காட்டுகிறார்கள். அந்தத் துறையைச் சுற்றிய வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் போரால் ஊரைவிட்டுப் போனார்கள். பலருக்குப் பத்திருபது வருஷம் கழித்தும் வீடு திரும்ப முடியவில்லை. எம்பிரஸ் கப்பல் கட்டி முடிந்து முதன்முதலாகக் கடலுக்கு வந்ததும் 1990இல்தான். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் அந்த வடக்கில் 2017 முதல் தெருவோரக் கொட்டகைகளில் படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய நெய்தல் இன்றைய தமிழில் எது? தேனிலவுக்குப் போனவர்கள் அங்கே போய் அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊர் திரும்பி மூவாயிரம் சொல்லில் ஒரு பயணக் கட்டுரை எழுதும்போது அந்தக் கரையை 'அழகான கடற்கரை' என்று ஒரே சொல்லில் கடந்துபோவது எழுத்துப் பிழை. ரசனைப் பிழையும்கூட.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பயணிகள் கப்பல் தொடங்கியது; அந்த வருஷமே நின்றது. 2023 அக்டோபரில் தொடங்கிய நாகை–காங்கேசன்துறைக் கப்பல் தட்டுத் தடுமாறித்தான் ஓடுகிறது. சொந்தக்காரர் வீட்டுச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் போக வேண்டியவர்களுக்குக் கப்பல் வாய்ப்பதில்லை. எங்கேயும் போகாமல் நடுக்கடலில் திரும்பி வருகிறவர்களுக்கு வாய்க்கிறது.

*

எங்க ஊரில் வேஷம் கட்டுவது பெரிய விஷயம். முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு, காளியாக, ராஜாவாக, போலீசாக, குறத்தியாக வேஷம் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். அந்த வேஷத்துக்கு ஒரு விதி இருக்கிறது. எந்த வேஷமானாலும் வீட்டு வாசலில் நின்று காணிக்கை கேட்க வேண்டும். கிரீடம் வைத்த ராஜாவும் தட்டு நீட்டுவார். உல்லாசக் கப்பலும் ஒரு வேஷம்தான், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. மூணு நாள் ராஜா ராணி. ஆனால் அந்த வேஷத்தில் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. வேஷத்தைக் கலைத்துவிட்டு எழுத உட்காருகிறவர்களாவது ஒரு வாசலில் நின்றிருக்கலாம்.

குலசையிலிருந்து இனிக் கலங்கள் கடலுக்குப் போகப்போவதில்லை, வானத்துக்குத்தான். 2024 பிப்ரவரியில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள்; இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். சாத்தனார் மணிமேகலைக்குத் திறந்த வழி இப்போது எங்க ஊர் மேலே திறக்கிறது. அதையும் யாராவது எழுதுவார்கள், அதிலும் கரை விட்டுப்போகும் என்றே நினைக்கிறேன்.

தமிழில் ஒரு நல்ல தேனிலவுக் கப்பல் கதை இன்னும் எழுதப்படவில்லை. எழுதப்போகிற ஆளுக்குக் குறிஞ்சியும் நெய்தலும் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். பால்கனியில் இருட்டைப் பார்த்துப் பயந்து புருஷன் கையைப் பிடித்த அந்தப் பெண்ணே அதை எழுதலாம். காலையில் அறைக் கதவைத் தட்டிவிட்டு வரும் பையனிடம், "தம்பி, எந்த ஊரு?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், கட்டுரைக்குக் கரை வந்திருக்கும்.